நாலாயிரத்து எண்ணூறு லிட்டர்

நாமக்கல்லில் லாரிகளுக்கு டேங்கர் தொட்டி கட்டும் பட்டறை ஒன்றில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற ஆண்டு அதே பட்டறையில் சேர்ந்த கவிதா என்ற பொறியாளர் ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டார். சரக்கின் அடர்த்தியைக் கணினியில் கொடுத்தால் தொட்டியின் அளவு வந்துவிடுகிறது, அது புரிகிறது. ஆனால் பட்டறையின் பழைய விதித்தாளில் 'பாதித் தொட்டி ஏற்றக் கூடாது' என்று கையால் எழுதிய ஒரு வரி இருக்கிறதே, அதை எழுதியது நீங்களா என்று கேட்டார். நான்தான். ஏன் எழுதினேன் என்பதைத் தொலைபேசியில் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

ஜலகண்டாபுரத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் தறியில் உட்கார்ந்தவர்கள். எனக்குத் தறிச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. சேலத்தில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் நாமக்கல்லுக்கு வந்தேன். தறிச் சத்தத்தைவிடப் பெரிய சத்தம் அங்கே இருந்தது. முதல் இரண்டு வருடம் தகடு வெட்டினேன், வளைத்தேன், பற்றவைத்தேன். படம் போடக் கொஞ்சம் வரும் என்று தெரிந்ததும் ஃபோர்மேன் அர்த்தநாரியின் மேசைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள்.

அர்த்தநாரி திருச்செங்கோட்டுக்காரர். ஒல்லியான ஆள். வெற்றிலை, புகை எதுவும் கிடையாது. யாரையும் அதட்டமாட்டார், நேற்றுச் சேர்ந்தவனையும் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். பாராட்டவும் மாட்டார். வேலை சரியாக இருந்தால் அடுத்த வேலையை எடுத்துக் கொடுப்பார், அவ்வளவுதான். தொட்டி கட்ட வருகிற லாரிக்காரர் எவரானாலும் "பத்தாயிரம் லிட்டர் புடிக்கோணுமுங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அர்த்தநாரி அதைக் காதில் வாங்காதவர் போல, "என்ன சரக்குங்க?" என்பார். சரக்கு என்னவென்று தெரியாமல் பென்சிலைத் தொட்டதே இல்லை.

வந்த சில நாளிலேயே அதற்குக் காரணத்தையும் சொல்லிவிட்டார்.

"தொட்டிக்குத் தெரிஞ்சது லிட்டருங்க தம்பி. டயருக்கும் பிரேக்குக்கும் தெரிஞ்சது கிலோ. ரெண்டுக்கும் நடுவுல நிக்கறது நாமதான். தண்ணி ஒண்ணுதான் லிட்டருன்னாலும் கிலோன்னாலும் ஒரே எண்ணு. மத்ததெல்லாம் நிறுத்துத்தான் பார்க்கோணும்."

அவர் நிறுக்கும் முறை எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. பித்தளையில் செய்த ஒரு லிட்டர் குவளை ஒன்று வைத்திருந்தார். முதலில் வெறுங் குவளையைத் தராசில் வைத்து எழுதுவார். பிறகு அளக்கப்போகும் சரக்கையே கொஞ்சம் ஊற்றி மூன்று முறை அலசிக் கொட்டுவார். பழைய சரக்கின் ஒட்டல் கணக்கில் சேரக்கூடாது. விளிம்பு வரை ஊற்றி, நுரை அடங்கும் வரை காத்திருந்து, மேலே ஒரு கண்ணாடித் துண்டை வழித்துத் தள்ளி மட்டம் செய்வார். வெளியே வழிந்ததைத் துணியால் ஒற்றிவிட்டு நிறுப்பார். வெறுங் குவளையின் எடையைக் கழிப்பார். இதையே மூன்று தடவை செய்வார். மூன்றும் ஒத்து வந்தால்தான் என்னிடம் எண்ணைச் சொல்வார். கடலை எண்ணெய் லிட்டருக்குத் தொள்ளாயிரத்துப் பத்துக் கிராம். கரும்பாலையில் மிஞ்சும் கழிவுப்பாகு ஆயிரத்து நானூறு.

அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதை ஒரு லாரியே வந்து காட்டியது. எண்ணெய்க்கென்று நாங்கள் கட்டிக் கொடுத்த ஒன்பதாயிரம் லிட்டர் தொட்டியில் ஒருவர் எங்களைக் கேட்காமல் கழிவுப்பாகை முழுக்க நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். எண்ணெயாக இருந்தால் எட்டேகால் டன். பாகு பன்னிரண்டரை டன்னுக்கு மேல். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் வளைவே இல்லாமல் நேராகப் படுத்துக் கிடந்தன. அர்த்தநாரி சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல நாமக்கல் வந்து சேர்ந்ததே பெரிசுங்க" என்றார். அதிலிருந்து ஒவ்வொரு தொட்டியின் பக்கத்திலும் என்ன சரக்குக்கு எத்தனை லிட்டர் என்று வண்ணத்தில் எழுதிவிடும் வேலை எனக்கு வந்தது. எழுதும்போது கொஞ்சம் பெருமையாகவே இருக்கும். ஐந்தாறு வருடத்தில் எந்தச் சரக்கின் எடையையும் மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன்.

இனிச் சொல்லப்போவது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது.

பரமத்திப் பக்கத்திலிருந்து முத்துசாமி என்ற விவசாயி வந்தார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு டேங்கர், எங்கள் பட்டறையில் எண்ணெய்க்காகக் கட்டியது, அதே ஒன்பதாயிரம் லிட்டர் அளவு. எண்ணெய்ச் சவாரி குறைந்துபோய் வண்டி சும்மா நின்றிருந்தது. பெங்களூர்ப் பக்கத்திலிருந்து கந்தக அமிலம் ஏற்றி, தருமபுரி வழியாகத் தொப்பூர் கணவாய் இறங்கி, மேட்டூர்ப் பக்கத்து ஆலை ஒன்றுக்குக் கொண்டுவரும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. கூடவே டிரைவர் செல்லமுத்துவும் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். அந்தத் தொட்டியை முதல் நாளிலிருந்து ஓட்டியவர் அவர்தான்.

அர்த்தநாரி மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். முதலாளி என்னைப் பார்த்து, "நீயே பார்த்து முடிச்சுக் குடுத்துருப்பா" என்றார். நான் தனியாகப் பார்த்த முதல் வேலை அது.

ஒரு படியையும் விடாமல் செய்தேன். ஆலையிலிருந்து மாதிரி அமிலம் கொண்டுவரச் சொன்னேன். பித்தளைக் குவளை அமிலத்துக்கு ஆகாது என்பதால் அரை லிட்டர் கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்து, முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுத்தில் ஐந்நூறு கிராமுக்குக் கோடு போட்டேன். புட்டியை வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, அதே கோடு வரை அமிலம் ஊற்றி நிறுத்தேன். தொள்ளாயிரத்து இருபது கிராம். பார்வைக்குத் தண்ணீர்தான், கொஞ்சம் எண்ணெய் போலத் தளும்பும். ஆனால் கையில் எடுத்தபோது ஈயத்தைத் தூக்கினாற்போல் இருந்தது. லிட்டருக்கு ஒரு கிலோ எண்ணூற்று நாற்பது. அந்த வண்டிக்கு அனுமதித்த சரக்கு ஒன்பது டன். வகுத்துப் பார்த்தால் நாலாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு. பத்திரமாக இருக்கட்டும் என்று நாலாயிரத்து எண்ணூறு என்று வைத்தேன்.

தொட்டியைக் கழுவி, உள்ளே ஈரம் ஒரு சொட்டும் இல்லாமல் இரண்டு நாள் உலர்த்தினோம். வால்வுகளை மாற்றினோம். தொட்டிக்குள் விட்டுப் பார்க்கும் அளவுகோலில் நாலாயிரத்து எண்ணூறு வரும் இடத்தில் ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டு, செல்லமுத்துவிடம் காட்டினேன்.

"இந்த வெட்டுக்கு மேல ஒரு சொட்டு ஏறக்கூடாதுங்கண்ணா."

"சரீங்க தம்பி. பாதித் தொட்டிதான் வருது போல."

"ஆமாங்க. ஆசிட் அவ்வளவு கனம்."

வேலை முடிந்த சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

முதல் சவாரி முடித்த மறுநாள் செல்லமுத்து பட்டறைக்கு வந்தார். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, பிரேக்கு அடிச்சா வண்டி நிக்குதுங்க. நின்ன பொறகு பின்னால இருந்து எதோ ஒண்ணு வந்து முட்டுதுங்க. வளைவுல திருப்புனா, நான் ஒரு பக்கம் திருப்பறேன், அது ஒரு பக்கம் இழுக்குது. எண்ணெய் ஏத்துனப்ப இப்படி இல்லீங்க."

நான் என் கணக்குத் தாளை எடுத்து அவரிடம் திருப்பி வைத்தேன். "எடை ஒன்பது டன்னுக்குள்ளதாங்க இருக்குது. எண்ணெயை விட ஒண்ணும் பெருசாக் கூடலை. கணக்குச் சரியா இருக்குதுங்க. பிரேக்கைக் கொஞ்சம் இறுக்கிப் பாருங்க."

அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். போய்ப் பிரேக்கை இறுக்கிக்கொண்டார்.

இரண்டாவது சவாரியில், காலை பத்து மணி வாக்கில், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரு வளைவில் லாரி கவிழ்ந்தது. எதிரே ஒரு மாட்டு வண்டி வந்திருக்கிறது; பிரேக்கை அழுத்தித் திருப்பியிருக்கிறார். மாட்டு வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. லாரி வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. தொட்டி உடையவில்லை, மேல் மூடி இடுக்கில் அமிலம் கசிந்தது. செல்லமுத்துவின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இடது முன்கையில் அமிலம் பட்டது. பக்கத்து டீக்கடைக்காரர் கடையிலிருந்த தண்ணீர் முழுவதையும் அந்தக் கையில் ஊற்றியதால்தான் கை மிஞ்சியது என்று சேலம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

போலீசார் டிரைவர் மேல் வழக்கு எழுதினார்கள். வண்டியைச் சோதித்த பிரேக் இன்ஸ்பெக்டர், பிரேக் சரியாகப் பிடிக்கிறது, எடையும் அளவுக்குள்தான் இருக்கிறது என்று எழுதினார். பிறகு குறை சொல்ல மிச்சம் இருந்தது ஓட்டியவருடைய கைதான். முத்துசாமி பட்டறைக்கு வந்து புலம்பினார். "காத்தால பத்து மணிக்குத் தூங்கீருக்கானுங்க. பதினோரு வருசம் எங்கூட்டுச் சோறு தின்னவன்."

வந்து முட்டுகிறது என்று செல்லமுத்து சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் அது என்ன என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. எடை சரி என்பதிலேயே என் மனம் நின்றுகொண்டிருந்தது.

அடுத்த நாள் அர்த்தநாரி கல்யாணம் முடிந்து வந்தார். நடந்ததைச் சொன்னேன். கணக்குத் தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். கடைசியில், "நாலாயிரத்து எண்ணூறு ஆசிட்டுங்க. மீதி நாலாயிரத்து எரநூறுல என்ன இருந்துச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. காத்து."

"உள்ள தடுப்பு இருக்குதுங்களா?"

இல்லை. எண்ணெய்த் தொட்டி அது. எப்போதும் வாய் வரை நிரப்பித்தான் போகும் என்பதால் உள்ளே தடுப்புத் தகடு வைக்கவில்லை. அர்த்தநாரி எழுந்து வெளியே போனார். தள்ளுவண்டியில் ஒரு இரும்புப் பீப்பாயைப் படுக்கவைத்துக் கட்டச் சொன்னார். பாதி அளவு தண்ணீர் ஊற்றி மூடச் சொன்னார்.

"தள்ளுங்க தம்பி. வெசையாத் தள்ளுங்க. நான் சொன்னதும் நிறுத்துங்க."

பட்டறை முற்றத்தில் ஓடித் தள்ளினேன். "நிறுத்துங்க" என்றார். கைப்பிடியைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். வண்டி நின்றது. ஒரு மூச்சு நேரம் கழித்துப் பீப்பாய்க்குள் தண்ணீர் முன்பக்கம் போய் மோதியது. கைப்பிடியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வண்டி இரண்டடி முன்னால் ஓடியது. வளைத்துத் திருப்பச் சொன்னார். தண்ணீர் வெளிப்பக்கமாக ஏறியது, ஒரு சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. அதன் பிறகு பீப்பாயை வாய் வரை நிரப்பச் சொன்னார். இரண்டு மடங்கு கனம். தள்ளுவது கஷ்டமாக இருந்தது, ஆனால் நிறுத்திய இடத்தில் நின்றது.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அர்த்தநாரி என்னைத் திட்டவில்லை.

"எடை பார்த்தீங்க. எடம் பார்க்கலை" என்றார். பிறகு, "அந்த டிரைவரு ஒண்ணும் சொல்லலீங்களா?" என்று கேட்டார்.

சொன்னார் என்றேன். என்ன சொன்னார், நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அதைக் கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அன்று மாலை முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். தள்ளுவண்டிச் சோதனை அவர் காதுக்குப் போய்விட்டது. "பிரேக் இன்ஸ்பெக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. யாரும் கேக்காததை நாம எதுக்குங்க போயிச் சொல்லோணும்? பட்டறை பேரு என்னாகறது?" என்றார். அர்த்தநாரி, "கையெழுத்து இவருதுங்க. சொல்றதும் சொல்லாததும் இவருதான் முடிவு பண்ணோணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவர் முடிவு சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான்கு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்லமுத்துவின் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அவர் மனைவி தரையில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை.

செல்லமுத்து நலம் விசாரிக்க விடவில்லை. "ஏனுங்க தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியோணும். நான் தூங்கலீங்க. சத்தியமாத் தூங்கலை. அன்னைக்கும் அது வந்து முட்டுச்சுங்க. என்னங்க அது?"

கட்டிலுக்குப் பக்கத்தில் பாதி காலியான மருந்துப் புட்டி ஒன்று இருந்தது. எடுத்துப் படுக்கவைத்து, முன்னால் தள்ளிச் சட்டென்று நிறுத்தினேன். மருந்து போய் மூடியில் மோதித் திரும்பியது. மறுபடியும் செய்து காட்டினேன். அவர் கையை நீட்டி வாங்கித் தானே இரண்டு மூன்று தடவை தள்ளிப் பார்த்தார்.

"அப்ப நான் சொன்னது நெசந்தானுங்க."

"நெசந்தாங்கண்ணா. நான்தான் கேக்கலை."

அவர் மனைவி உரித்த சுளைகளை என் கையில் வைத்தார். அப்போதுதான், அந்தம்மா நான் யார் என்று புரிந்துகொண்டும் வைக்கிறாரா, புரியாமல் வைக்கிறாரா என்று யோசித்தேன். இன்றும் தெரியாது. சாப்பிட்டேன்.

அங்கிருந்து நேராகப் பிரேக் இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்குப் போனேன். அவர் கண்டிப்பான மனிதர், பேச்சைப் பாதியில் வெட்டுவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். முழுக்கக் கேட்டார். மறுநாள் பட்டறைக்கு வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுத் தள்ளுவண்டியைத் தானே தள்ளிப் பார்த்தார். முதலாளி உள்ளே இருந்து வெளியே வரவில்லை.

"இதை நீங்க எழுத்துல குடுத்தா உங்க பேருலதான் வரும், தெரியுமில்ல?" என்றார்.

"தெரியுங்க."

"எழுதுங்க."

தொட்டியின் அளவு, அமிலத்தின் எடை, மீதியிருந்த காலி இடம், தடுப்பு இல்லாதது எல்லாவற்றையும் எழுதினேன். முதல் சவாரிக்குப் பிறகு டிரைவர் வந்து முறையிட்டதையும், கணக்குச் சரி என்று சொல்லி நான் அனுப்பியதையும் எழுதினேன். அந்தக் கடைசி வரியை எழுதத்தான் நேரம் பிடித்தது.

செல்லமுத்து மேலிருந்த வழக்கு எடுபடவில்லை. லைசென்சும் தப்பியது. எனக்கும் பட்டறைக்கும் எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. படம் போடும் மேசையிலிருந்து எழுப்பிப் பற்றவைக்கும் கொட்டகைக்கு அனுப்பினார். அங்கே எட்டு மாதம் இருந்தேன். அதில் அநியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முத்துசாமி ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செல்லமுத்துவின் கட்டில் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன்.

மேசைக்குத் திரும்பியதும் அர்த்தநாரி எனக்குக் கொடுத்த முதல் வேலை முத்துசாமியின் லாரிக்குப் புதுத் தொட்டி. ஒன்பது டன் அமிலம் எவ்வளவு இடம் கேட்கிறதோ அவ்வளவுதான் தொட்டி. வெயிலில் அமிலம் விரிவதற்கு மட்டும் மேலே கொஞ்சம் இடம். உள்ளே குறுக்காக இரண்டு தடுப்புத் தகடுகள், தகடுகளின் அடியில் அமிலம் ஒரு அறையிலிருந்து அடுத்ததற்குப் போக ஓட்டைகள். கட்டி முடித்தபோது நீளமான சேசிஸ் மேல் பாதியளவுக்குத்தான் வந்தது. பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் "தகடு தீர்ந்துபோச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

செல்லமுத்து காலை லேசாக இழுத்து நடந்து வந்து வண்டியை எடுத்தார். நான் வழக்கம்போல் கணக்குத் தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. "ஏறுங்க" என்றார்.

பெங்களூர்ப் பக்கம் போய் அமிலம் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். தருமபுரி தாண்டினோம். கணவாய் இறக்கம் தொடங்கியது. அவர் விழுந்த வளைவு வந்தபோது எந்த வளைவு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் இடது கை கியர்க் கம்பியை இறுக்கிப் பிடித்ததில் தெரிந்தது. முன்கையில் தோல் இன்னும் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. பிரேக்கை அழுத்தினார். என் முதுகுக்குப் பின்னால் அமிலத்தின் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்து வேறெதற்கும் உட்கார்ந்ததில்லை.

அடிவாரத்தில் வண்டியை ஓரம் கட்டி இறங்கினார். இரண்டு டீ சொன்னார். மாரியம்மன் பண்டிகை, கடலைக்காய் விலை, மூத்த பையன் பள்ளிக்கூடம் என்று எதையெதையோ பேசினார். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒரு டிரைவர் தன் வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் டீ குடித்து முடித்தால் அந்த வண்டி நன்றாக இருக்கிறது என்று பொருள். ஓய்வு பெறும்வரை நான் புதிதாகக் கட்டிய ஒவ்வொரு தொட்டியோடும் முதல் சவாரி போய், அந்த டீயைக் குடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.